கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே ஆல்பத்தில்... நார்வேயை உலுக்கிய 'மேஹெம்' இசைத்தட்டில் நிறை என்ன, குறை என்ன?

ஆறு பேர் சேர்ந்து உருவாக்கிய ஆல்பம் அது. அது கடைக்கு வந்தபோது, பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர் உயிரோடு இல்லை. கிட்டார் வாசித்தவர் கொல்லப்பட்டிருந்தார். அவரைக் கொன்றவர் அதே ஆல்பத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர். கொலைக்கு உடந்தை என்று தண்டிக்கப்பட்டவர், இரண்டாவது கிட்டார்காரர். எஞ்சியவர்கள் டிரம்ஸ் வாசித்தவரும் பாடியவரும் மட்டும்தான்.

சினிமாக் கதை இல்லை. 1994 மே மாதம் நார்வேயில் வெளியான 'டே மிஸ்டீரிஸ் டோம் சதானாஸ்' என்ற ஆல்பத்தின் நிஜக் கதை. குழுவின் பெயர் மேஹெம். பிளாக் மெட்டல் என்ற இசை வகையில் மிகச் சிறந்த ஆல்பம் எது என்று ரசிகர்களைக் கேட்டால், இந்தப் பெயர் முதல் வரிசையில் வந்து நிற்கும்.

ரத்தக்கறை படிந்த இந்தப் புகழில், இசைக்கு எவ்வளவு பங்கு, கொலைக்கு எவ்வளவு பங்கு? கதையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுக் காதை மட்டும் நம்பினால், இந்த 46 நிமிடங்கள் தேறுமா?

பிளாக் மெட்டல் என்றால்..?

பெயரில் இருக்கும் 'பிளாக்' என்ற சொல்லுக்கும் மனிதர்களின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. இங்கிலாந்தின் வெனம் என்ற குழு 1982-ல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'பிளாக் மெட்டல்'. சாத்தான், சூனியம், இருட்டு என்று பயமுறுத்துவதுதான் அவர்களுடைய பாணி. வெனம் அதை ஒரு வேடமாகத்தான் போட்டது. அந்த வேடத்தை நிஜம் என்று எடுத்துக்கொண்டவர்கள் நார்வே இளைஞர்கள். முகத்தில் பிணம்போல வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, தோல் உடை, ஆணி அடித்த பட்டைகள் என்று மேடை ஏறினார்கள்.

இசையிலும் தனி அடையாளம் உண்டு. கிட்டாரில் ஒரே கம்பியை மேலும் கீழுமாக மின்னல் வேகத்தில் மீட்டிக்கொண்டே இருப்பார்கள். தனித்தனி ஸ்வரங்களாகக் கேட்காமல், ஒரே இரைச்சல் அலையாக அது எழும். அந்த அலைக்கு உள்ளே ஒரு மெட்டு மெதுவாக நகரும். டிரம்ஸ் இடைவிடாமல் பொழியும். குரலோ பாடாது; அலறும், உறுமும், கரகரக்கும். முதல்முறை கேட்பவர்களுக்கு 'ரேடியோ ஸ்டேஷன் சரியாகக் கிடைக்கவில்லையோ' என்றுதான் தோன்றும். காது பழகப் பழகத்தான் இரைச்சலுக்குள் இருக்கும் மெட்டு பிடிபடும்.

பத்து வருடக் காத்திருப்பு

மேஹெம் 1984-ல் தொடங்கப்பட்ட குழு. கிட்டார்காரர் ஓய்ஸ்டைன் ஆர்செத். மேடைப் பெயர் யூரோனிமஸ். குழுவின் மூளை அவர்தான். ஆஸ்லோவில் 'ஹெல்வெதெ' என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தினார். நார்வே மொழியில் அந்தச் சொல்லுக்கு நரகம் என்று பொருள். அங்கே கூடிய இளைஞர்களுக்கு அவர்தான் அண்ணன், ஆசான், எல்லாம்.

1988-ல் ஸ்வீடனிலிருந்து ஒரு பாடகர் வந்து சேர்ந்தார். பெர் இங்வே ஓலின். 'டெட்' என்று, அதாவது 'செத்தவன்' என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டவர். மரணத்தைப் பற்றி மட்டுமே எழுதினார், பேசினார். சுற்றியிருந்தவர்களுக்கு அது மேடைக்கான பாவனையாகத் தெரிந்தது. அவருக்கோ அது வலியாக இருந்தது. 1991 ஏப்ரலில், 22 வயதில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நண்பரின் மரணத்தை யூரோனிமஸ் குழுவின் பெயரைப் பரப்பப் பயன்படுத்திக்கொண்டார். அதைச் சகிக்க முடியாமல், தொடக்க காலத்திலிருந்து பேஸ் வாசித்துவந்த நெக்ரோபுட்சர் குழுவை விட்டே வெளியேறினார்.

காலியான இடங்களுக்குப் புதியவர்கள் வந்தார்கள். பேஸ் வாசிக்க வார்க் விகெர்னெஸ். இரண்டாவது கிட்டாருக்கு ஸ்னோர்ரே ரூக். பாட ஹங்கேரியிலிருந்து அட்டிலா சிஹார். டிரம்ஸுக்கு ஏற்கெனவே ஹெல்ஹாமர் என்ற யான் ஆக்செல் ப்ளோம்பெர்க் இருந்தார். டெட் விட்டுச்சென்ற வரிகளை வைத்துக்கொண்டு 1992, 93-ல் ஒலிப்பதிவு நடந்தது.

அதே காலத்தில்தான் நார்வேயில் தேவாலயங்கள் எரியத் தொடங்கின. பெர்கன் நகரின் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் 12-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1992 ஜூன் 6-ம் தேதி அது சாம்பலானது. அதைத் தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிந்தன. இந்த இசை வட்டத்தின் மீது போலீஸின் பார்வை விழுந்தது.

1993 ஆகஸ்ட் 10. ஆஸ்லோவில் தன் வீட்டில் யூரோனிமஸ் குத்திக் கொல்லப்பட்டார். வயது 25. கொன்றவர் 20 வயது விகெர்னெஸ். கொலைக்கும் தேவாலயங்களுக்குத் தீ வைத்ததற்கும் சேர்த்து அவருக்கு 21 ஆண்டு சிறை. அன்று உடன் சென்ற ஸ்னோர்ரே ரூக்குக்கு 8 ஆண்டு. தீர்ப்பு வந்த அதே 1994 மே மாதத்தில்தான் ஆல்பமும் வெளிவந்தது.

இனி, இசைக்கு வருவோம்.

நிறை 1: அரங்கின் முழக்கம்

பிளாக் மெட்டல் ஆல்பங்கள் பலவும் வேண்டுமென்றே மட்டமாகப் பதிவுசெய்யப்பட்டவை. இதே 1994-ல் டார்க்த்ரோன் குழு வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்', வீட்டிலேயே நான்கு டிராக் கருவியில் பதிவானது. தகரக் கூரையில் ஆணி உரசுவதுபோல இருக்கும். அதுவும் ஓர் அழகு என்பார்கள் ரசிகர்கள்.

மேஹெம் அந்த வழியில் போகவில்லை. பெர்கனில் க்ரீக்ஹாலன் என்ற பெரிய இசை அரங்கம் இருக்கிறது. நார்வேயின் மாபெரும் இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீக்கின் பெயரால் 1978-ல் திறக்கப்பட்டது. சிம்பொனி இசைக்குழுவின் சொந்த வீடு. அங்கிருந்த ஸ்டூடியோவில்தான் ஒலிப்பதிவு நடந்தது. பொறுப்பேற்றவர் 'பிட்டன்' என்று அழைக்கப்படும் ஐரிக் ஹுண்ட்வின். பர்ஸம், எம்பரர், இம்மார்டல் என்று நார்வேயின் முக்கியமான குழுக்கள் பலவற்றின் ஒலிக்குப் பின்னால் இருந்த கை அவருடையது.

இந்த ஆல்பத்தில் ஒவ்வொரு டிரம் அடிக்கும் பின்னால் ஒரு பெரிய வெற்றிடம் கேட்கும். ஆள் இல்லாத கோயில் மண்டபத்தில் மணி அடித்தால் ஒலி எப்படிச் சுற்றி வந்து அடங்குமோ, அப்படி. கிட்டார் ஒலி கம்பளிப்போர்வை மாதிரி அடர்த்தியாக இருந்தாலும், நூல் நூலாகப் பிரித்துக் கேட்க முடிகிறது. அழுக்கும் தெளிவும் ஒரே நேரத்தில் கிடைப்பது அபூர்வம். முப்பது வருடங்கள் கடந்தும் இதன் ஒலி பழையதாகத் தோன்றாததற்கு இதுதான் காரணம்.

நிறை 2: ஹெல்ஹாமரின் கைகள்

ஆல்பத்தின் உண்மையான நாயகன் டிரம்ஸ்தான். 'ஃப்யூனரல் ஃபாக்' தொடங்கும் நொடியிலிருந்தே புயல். ஆனால், அது வெறும் வேகம் இல்லை. ஒரு தேர்ந்த தவில் வித்வான் வேகமாக வாசிக்கும்போதும் ஒவ்வொரு சொல்லும் தனியாக விழும் அல்லவா? ஹெல்ஹாமரிடமும் அந்தச் சுத்தம் இருக்கிறது. கிட்டார் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது, சிம்பலில் ஒரு சின்ன மாற்றம் செய்து பாட்டையே வேறு திசைக்குத் திருப்பிவிடுகிறார். பின்னால் வந்த பிளாக் மெட்டல் டிரம்மர்களுக்கு இந்த ஆல்பம் ஒரு பாடப்புத்தகம்.

நிறை 3: 'ஃப்ரீஸிங் மூன்'

ஒரே ஒரு பாட்டுதான் கேட்க நேரம் இருக்கிறது என்றால், இதைக் கேளுங்கள். அலறலோடு தொடங்காது. கிட்டார் மெதுவாக, ஒவ்வொரு கம்பியாக அதிரும். நள்ளிரவில் யாரோ தூரத்தில் நடந்து வருகிற மாதிரி ஓர் உணர்வு. பிறகு கனமான தாளம். நடுவில் திடீரென்று ஓட்டம். மறுபடி நிதானம், அங்கே யூரோனிமஸின் தனி கிட்டார். இந்த ஆறு நிமிடச் சொச்சத்தில் ஒரு கதைக்கு வேண்டிய தொடக்கமும் உச்சமும் முடிவும் இருக்கின்றன.

இந்த வகை இசையில் பயத்தை உண்டாக்குவது சத்தம் இல்லை, காத்திருப்பு என்பதை இந்தப் பாட்டு புரியவைக்கும். நல்ல பேய்ப்படத்தில் பேய் வருவதைவிட, கதவு திறக்கும் முன்பு வருகிற அமைதிதானே பயமுறுத்தும்?

நிறை 4: அளவு தெரிந்த சமையல்

மொத்தம் எட்டே பாடல்கள். இடத்தை நிரப்ப என்று எதுவும் சேர்க்கவில்லை. பியானோ இசையோ, காற்று வீசும் ஓசையோ இடையில் செருகப்படவில்லை. மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும் 'பரீட் பை டைம் அண்ட் டஸ்ட்' ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் வந்து, தளரவிருந்த கவனத்தைத் தட்டி எழுப்புகிறது. பல பாடல்கள் பல ஆண்டுகளாக மேடையில் வாசித்துத் தேய்த்து மெருகேறியவை. ஸ்னோர்ரே ரூக் கொண்டுவந்த விநோதமான, கோணல்மாணலான கிட்டார் துணுக்குகள் அவற்றுக்குப் புதுவாசனை சேர்த்தன.

குறை 1: அந்தக் குரல்

ஆல்பம் வெளியான நாளிலிருந்து இன்றுவரை தீராத பஞ்சாயத்து இது. எல்லோரும் எதிர்பார்த்தது கீச்சென்ற அலறல். அட்டிலா கொடுத்ததோ உறுமி மேளத்தைத் தேய்ப்பது மாதிரி ஓர் அடித்தொண்டை முனகல். இடையிடையே ஓபரா பாடகர்போல இழுக்கிறார். மடாலயத்துப் பிரார்த்தனை போல முணுமுணுக்கிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க வசதி இருப்பதுதான் அவருக்குச் சிக்கல். 1990 நவம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மேஹெம் நடத்திய கச்சேரி 'லைவ் இன் லைப்சிக்' என்று ஆல்பமாக வந்திருக்கிறது. இதே பாடல்களில் நான்கு, டெட்டின் குரலில் அதில் இருக்கின்றன. ஒலிப்பதிவு மோசம். ஆனால், அந்தக் குரலில் நடிப்பு இல்லை. கேட்கவே சங்கடமாக இருக்கிற ஓர் உண்மை இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு இங்கே வந்தால், அட்டிலா சில இடங்களில் நாடகம் போடுவதாகத்தான் படும். குறிப்பாகக் கடைசிப் பாடலில் அவர் போகும் தூரம், சிலருக்கு மயிர்க்கூச்செறியும். சிலருக்குச் சிரிப்பு வரும்.

என் பார்வையில் இது பாதிக் குறைதான். டெட்டைப்போலப் பாட முயன்றிருந்தால் அது வெறும் நகலாகியிருக்கும். அந்தத் தப்பை அட்டிலா செய்யவில்லை.

குறை 2: நடுவில் ஒரே நிறம்

'ஃப்ரீஸிங் மூன்' முடிந்ததும் வருகிற 'கர்ஸ்டு இன் எடர்னிட்டி', 'பேகன் ஃபியர்ஸ்' இரண்டும் மோசமான பாடல்கள் இல்லை. ஆனால், புதிதாகக் கேட்பவருக்கு ஒன்று முடிந்து இன்னொன்று எப்போது தொடங்கியது என்றே தெரியாது. அதே வேகம், அதே இருட்டு, அதே உறுமல். உச்சத்தை இரண்டாவது பாட்டிலேயே தொட்டுவிட்டதால், மூன்றாவதும் நான்காவதும் அதன் நிழலில் நிற்கின்றன. விகெர்னெஸின் பேஸோ கிட்டார் அலைக்குள் பல இடங்களில் கரைந்துவிடுகிறது. அதைப் பிரித்துக் கேட்க நல்ல ஹெட்போன் வேண்டும்.

குறை 3: வரிகள்

கல்லறை, நிலா, பனிமூட்டம், சவப்பெட்டி, சாபம். எட்டுப் பாடல்களையும் இந்த ஐந்தாறு சொற்களுக்குள் அடக்கிவிடலாம். தலைப்பில் இருக்கும் லத்தீனே இலக்கணப்படி சரியில்லை. 'சாத்தான் பிரபுவின் ரகசியங்கள் பற்றி' என்று சொல்ல வந்தார்கள். வேற்றுமை உருபில் சறுக்கிவிட்டார்கள். சாத்தானுக்கே இலக்கணப் பிழையோடு விண்ணப்பம் போட்ட கதை!

ஆனால், 'லைஃப் எடர்னல்' மட்டும் வேறு. அங்கே பயமுறுத்தல் இல்லை. இருப்பதா, இல்லாமல் போவதா என்ற ஒரு தனி மனிதரின் குழப்பம்தான் இருக்கிறது. எழுதியவருக்கு என்ன ஆனது என்று தெரிந்தபின் அதை வெறும் பாட்டாகக் கேட்க முடியவில்லை.

பெற்றோர் கேட்டது ஒன்றுதான்

யூரோனிமஸ் இறந்தபின், அவருடைய பெற்றோர் ஹெல்ஹாமரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். விகெர்னெஸ் வாசித்த பேஸை நீக்கிவிட்டு, வேறு யாரையாவது வைத்து வாசிக்கச் சொல்லுங்கள் என்பதுதான் அது. மகனைக் கொன்றவனின் விரல்கள் மகனின் இசைக்குப் பக்கத்திலேயே காலத்துக்கும் ஒலிக்கக் கூடாது என்று நினைத்தார்கள். செய்வதாகச் சொன்ன ஹெல்ஹாமர், செய்யவில்லை. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே தட்டில் இருப்பது பொருத்தம்தான் என்று தனக்குத் தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார்.

இசையின் தரப்பில் பார்த்தால் அது சரியாக இருக்கலாம். பதிவானதைப் பதிவானபடியே விட்டார். ஒரு தாய், தகப்பன் தரப்பில் பார்த்தால்? பெற்ற மகனின் கடைசி உழைப்பைக் கூட அவர்களால் நிம்மதியாகக் கேட்க முடியாது. ஆல்பத்தின் மிகப் பெரிய குறை என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், நான் இதைத்தான் சொல்வேன். அதன் பிறகு முப்பது வருடங்களாக, அந்தக் குடும்பம் மறைக்க நினைத்ததே ஆல்பத்தின் முதல் விளம்பரமாகிவிட்டது. இந்தக் கட்டுரையின் தலைப்புகூட அதற்கு விலக்கில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

விளம்பரத்தால் நஷ்டப்பட்டது இசையும்தான். கொலைக் கதை தெரிந்த ஆயிரம் பேரில், அந்த ஒலியைச் செதுக்கிய பிட்டனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓய்ஸ்டைன் கொல்லப்பட்டதால் அவர் பெரிய கலைஞர் ஆகவில்லை. 'ஃப்ரீஸிங் மூன்' அதற்கு முன்பே இருந்தது. டெட்டின் மரணம் அவருடைய வரிகளுக்கு ஆழம் தரவில்லை. உதவி கிடைக்க வேண்டிய ஓர் இளைஞருக்கு அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு என்ன ஆனது?

ஃபான்டாஃப்ட் தேவாலயம் பழைய வடிவிலேயே மறுபடி கட்டப்பட்டு 1997-ல் எழுந்து நின்றது. நெக்ரோபுட்சர் திரும்பி வந்தார். ஹெல்ஹாமரும் அவரும் மேஹெம் குழுவை மீட்டெடுத்தார்கள். அட்டிலா 2004-ல் மறுபடி சேர்ந்தார். நார்வேயின் 'ஸ்பெல்லமன்' விருது 2007-ல் அவர்களுடைய 'ஓர்டோ அட் காவோ' ஆல்பத்துக்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் போலீஸ் தேடிய இசை, நாட்டின் பெருமைமிகு ஏற்றுமதிகளில் ஒன்றாகிவிட்டது. 1994 ஆல்பத்தை முழுமையாக மேடையில் வாசித்து, 2016-ல் நேரடிப் பதிவாகவும் வெளியிட்டார்கள். அதைக் கேட்டால், கொலை நிழல் இல்லாமலும் அந்தப் பாடல்கள் தனித்து நிற்பது தெரியும்.

விகெர்னெஸ் 2009-ல் பரோலில் வெளியே வந்தார். இனவெறுப்பைத் தூண்டியதற்காக 2014-ல் பிரான்ஸ் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. இந்தக் கதையை வைத்து 'லார்ட்ஸ் ஆஃப் கேயாஸ்' என்ற படமும் 2018-ல் வந்தது. அதில் அட்டிலாவாக நடித்தவர் அவருடைய சொந்த மகன்.

உங்கள் வீட்டில் யாராவது கேட்டால்..?

கல்லூரி படிக்கும் பிள்ளையின் ஹெட்போனில் இந்த இசை ஓடினால் பதற வேண்டாம். கோபத்தையும் சோகத்தையும் இறக்கிவைக்கும் இடமாக இதைக் கேட்பவர்கள்தான் ஏராளம். 'என்ன இது சத்தம்!' என்று அதட்டுவதைவிட, 'இதுல உனக்குப் பிடிச்ச பாட்டு எது?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கும். பிள்ளை பேச்சையே குறைத்துக்கொண்டு ஒதுங்கினால் மட்டும் கவனியுங்கள். காரணம் பாட்டாக இருக்காது, மனதாக இருக்கலாம். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கேட்கலாமா, வேண்டாமா?

மெட்டல் இசை பழகிய காதென்றால் கட்டாயம் கேட்கலாம். இரவில், நல்ல ஹெட்போனில், முதல் பாட்டிலிருந்து வரிசையாக. புதியவர்கள் 'ஃப்ரீஸிங் மூன்' மட்டும் கேட்டுவிட்டு, பிடித்தால் 'லைஃப் எடர்னல்' பக்கம் போகலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மதிப்பெண் போடச் சொன்னால், டிரம்ஸுக்கும் ஒலிப்பதிவுக்கும் நூற்றுக்கு நூறு. கிட்டாருக்குத் தொண்ணூறு. குரலுக்கு அவரவர் காது. வரிகளுக்குப் பாஸ் மார்க். அதைச் சூழ்ந்த கதைக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. அது சாதனையில்லை; மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை இழந்த கதை. ஒரு பிள்ளை தானாகப் போனான், ஒரு பிள்ளை கொல்லப்பட்டான், ஒரு பிள்ளை இருபது வயதில் கொலைகாரனாகச் சிறைக்குப் போனான்.